லிஸ்பன்ல ஒரு நாள்: 28ம் நம்பர் டிராமும் அம்மாவோட முட்டி வலியும்

கேள்வி: அடுத்த மாசம் ஐரோப்பா போறோம், லிஸ்பன்ல முழுசா ஒரே ஒரு நாள்தான் கிடைக்குது. அம்மாவுக்கு 63 வயசு, முட்டி வலி, அதுலயும் படி இறங்கும்போதுதான் ரொம்ப கஷ்டப்படுவாங்க. ஊரே ஏத்த இறக்கமா இருக்கும்னு சொல்றாங்க. டாக்ஸி புடிச்சு நாலு இடத்துல போட்டோ எடுத்துட்டு வர எனக்கு மனசில்ல. நடந்தும் டிராம்லயும் ஊர பாக்க முடியுமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமா முடியும்மா. ஆனா எந்த முனையில டிராம் ஏறுறீங்கங்குறதுலதான் அந்த நாளே இருக்கு.

28ம் நம்பர் டிராம எல்லாரும் மார்ட்டிம் மொனிஸ்ல போய் ஏறப் பாப்பாங்க, அங்க கியூ ஒரு மணி நேரம்கூட நிக்கும், அம்மாவால அது முடியாது. நீங்க காலைல எட்டு மணிக்குள்ள எதிர் முனையான காம்போ டி ஓரிக் போயிடுங்க, அங்க இருந்து காலியா கிளம்பும், ரெண்டு பேருக்கும் ஜன்னல் சீட் கிடைக்கும். அதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு மெட்ரோ ஸ்டேஷன் மெஷின்ல 24 மணி நேர டிக்கெட் வாங்கிடுங்க, டிராம், பஸ், மெட்ரோ எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும், வண்டிக்குள்ள வாங்குனா வெல ஜாஸ்தி.

அந்த மஞ்சள் வண்டிய பாத்தா அம்மாவுக்கு புடிச்சிடும். 1930கள்ல கட்டுன மர வண்டி, பிற்பாடு மோட்டாரும் பிரேக்கும் புதுசா மாத்தி இன்னும் ஓட்டுறாங்க. தண்டவாள அகலம் வெறும் 900 மில்லிமீட்டர், நம்ம பழைய மீட்டர் கேஜவிட சின்னது. அல்ஃபாமாங்குற பழைய பேட்டையோட சந்துக்குள்ள நுழையும்போது வீட்டு செவரு கைக்கு எட்டுற தூரத்துல வரும், அதனால கைய மட்டும் வெளிய நீட்ட வேணாம். சில இடத்துல ஒத்த தண்டவாளம்தான், எதிர் வண்டி வர்ற வரைக்கும் சிக்னல்ல நிக்கும். டிரைவருக்கு அங்க பேரே 'பிரேக் காவலர்'ங்குற அர்த்தத்துல இருக்கு, அந்த இறக்கத்துல ஒரு தடவ உக்காந்து போனா ஏன்னு புரியும். ஒரே ஒரு எச்சரிக்கை, கூட்டம் ஏறுனதும் பர்ஸ மடியில வச்சுக்கோங்க, நான் போனப்போ என் பக்கத்துல நின்ன பெரியவரோட பர்ஸ அடிச்சிட்டாங்க, மனுஷன் தவிச்சுப் போயிட்டாரு.

போர்ட்டாஸ் டோ சோல்ங்குற ஸ்டாப்புல இறங்குங்க, மேல இருந்து ஊர பாக்குற எடம். கீழ ஓட்டு வீடுங்க, அதுக்கு அந்தாண்ட கடல் மாதிரி விரிஞ்ச தேஜு ஆறு. அங்க அரை மணி நேரம் சும்மா உக்காருங்க, அவசரமே வேணாம். அப்புறம் படிக்கட்டு வழியா இறங்கிடாதீங்க, எல்லா மேப்பும் அதத்தான் காட்டும். டிராம் போற ரோட்டோரமாவே சரிவுல மெதுவா நடந்தா சே கதீட்ரல் வந்துடும், 1147ல கட்ட ஆரம்பிச்ச கோயில். நடைபாதையெல்லாம் வழவழன்னு தேஞ்ச சுண்ணாம்புக் கல்லு, மழ பேஞ்சா வழுக்கும், அம்மாவுக்கு ரப்பர் அடி உள்ள ஷூ கட்டாயம்.

சே தாண்டி கீழ வந்தா பைஷாங்குற கடைத்தெரு பகுதி. ஊருல இந்த இடம் மட்டும் ஏன் இப்படி சமமா, கோடு போட்ட மாதிரி நேர் தெருவா இருக்குன்னு அம்மா கேப்பாங்க பாருங்க, சொல்லுங்க. 1755 நவம்பர் 1, நம்மூர் கல்லறைத் திருநாளுக்கு மொத நாள், சகல புனிதர்கள் திருநாள். சனமெல்லாம் காலைல கோயில்ல இருக்கும்போது பூகம்பம், சாஞ்ச மெழுகுவத்தியில இருந்து தீ, கொஞ்ச நேரத்துல ஆத்து வழியா சுனாமி. பைஷா மொத்தமா அழிஞ்சுது. பொம்பால் பிரபுங்குற மந்திரிதான் பொறுப்பெடுத்து திரும்ப கட்ட வச்சாரு, செவருக்குள்ள மரத்துல கூண்டு மாதிரி சட்டம் வச்சு, பூகம்பத்துல ஆடுனாலும் விழாத மாதிரி. மாதிரி வீட்ட சுத்தி சிப்பாய்ங்கள மிதிச்சு நடக்க விட்டு சோதிச்சாங்கன்னு சொல்லுவாங்க. எனக்கு லிஸ்பன்ல ரொம்ப புடிச்சது அரண்மனையோ கோட்டையோ இல்ல, இந்த சாதாரண கடைத்தெருதான்.

மேல கார்மோ மடத்தோட கூரை அந்த பூகம்பத்துல இடிஞ்சுது, இன்னைக்கும் கூரை இல்லாம தூணுங்க நிக்குது, அதையும் பாத்துடுங்க. ஏற வேணாம், பைஷா ஷியாடோ மெட்ரோ ஸ்டேஷனுக்குள்ள நீளமான எஸ்கலேட்டர் இருக்கு, அதுல போனா மேல் தெருவுலயே விட்டுடும்.

மத்தியானம் 15ம் நம்பர் டிராம், இது புது நீள வண்டி, ஆத்தங்கரையோட பெலேம் போகும். அங்க தரை சமம். ஜெரோனிமோஸ் மடம் திங்கக்கிழம லீவு, நாள் பாத்துக்கோங்க. பக்கத்துலயே 1837ல இருந்து நடக்குற பேஸ்ட்ரி கடை, சூடா பட்டைத்தூள் தூவி சாப்பிடணும். ஆனா முட்டை இருக்கும், அம்மா சைவம்னா முன்னாடியே சொல்லிடுங்க.

கேள்வி: அங்க டிராம் விபத்துல நெறைய பேர் செத்ததா நியூஸ்ல பாத்து அம்மா பயப்படுறாங்களே?

பதில்: அந்த பயம் நியாயமானதுதான். 2025 செப்டம்பர் 3ல நடந்துது, 16 பேர் போயிட்டாங்க. ஆனா அது குளோரியாங்குற கேபிள் வண்டி, ஒரே கேபிள்ல ரெண்டு பெட்டிய கட்டி ஒண்ணு இறங்க ஒண்ணு ஏறுற ஏற்பாடு, அந்த கேபிள் விட்டுப்போச்சு. 28ம் நம்பர் அப்படி இல்ல, தன் சொந்த மோட்டார்ல ஓடி சொந்த பிரேக்ல நிக்குற வண்டி. இத அம்மாகிட்ட பொறுமையா எடுத்து சொல்லுங்க, அப்பவும் மனசு ஒப்பலன்னா கட்டாயப்படுத்தாதீங்க.

கேள்வி: தமிழோட சம்பந்தப்பட்டது ஏதாவது அங்க இருக்கா?

பதில்: இருக்கும்மா, எனக்கு அந்த ஊரு மேல இவ்ளோ பாசமே அதனாலதான். 1554ல லிஸ்பன்ல ஒரு தமிழ் ஜெப புத்தகம் அச்சாச்சு, தமிழ ரோமன் எழுத்துல போட்டு, கூடவே போர்ச்சுகீஸ் அர்த்தமும். தமிழ் எழுத்துலயே அச்சான மொத புத்தகம் கொல்லத்துல 1578ல வந்த தம்பிரான் வணக்கம், அதுக்கு 24 வருஷம் முந்தி இது. டிராம்ல போகும்போது கடை போர்டையும் பாத்துட்டே வாங்க, போர்ச்சுகீஸ்ல இருந்து தமிழுக்கு வந்த வார்த்தைங்க கண்ல படலாம்: நம்ம ஜன்னல் அங்க ஜனேலா, மேசை மேசா, அலமாரி அர்மாரியோ, சாவி ஷாவ். சாவி செய்யுற கடை கண்ல பட்டா அம்மாவ அந்த போர்ட எழுத்துக்கூட்டி படிக்க சொல்லுங்க.