நாலடிப் பவளத் தொட்டிக்கு எத்தனை எம்.எம். கண்ணாடி?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் கடல்மீனும் பவளமும் வளர்க்க ஒரு தொட்டி செய்யப்போகிறேன். நீளம் 4 அடி, அகலம் 2 அடி, உயரம் 2½ அடி. சென்னையில் செய்து வாங்கித் தருகிற ஏஜென்ட், "10 எம்.எம். டஃபன்டு (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி போட்டால் போதும், மேலே பட்டையெல்லாம் வேண்டாம், பார்வையைக் கெடுக்கும்" என்கிறார். இங்கே கண்ணாடிக் கடைக்காரர் 12 என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நீங்கள் சொல்லும் அளவுக்கு இரண்டுமே சரியில்லை. 2½ அடி உயரம் என்றால் 15 எம்.எம். வேண்டும், மேல் விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டையும் வேண்டும். ஆனால் 15 வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உயரத்தை 2 அடியாகக் குறையுங்கள். அப்போது 12 எம்.எம். சாதாரணக் கண்ணாடியே போதும்; பட்டை மட்டும் அப்போதும் வேண்டும்.

தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணாடிக்கு அது கணக்கே இல்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. கிணற்றில் முங்கிக் குளித்தவர்களுக்கு இது தெரியும். ஆழம் போகப் போகத்தான் காது அடைக்கும். கிணறு அகலமா குறுகலா என்று காதுக்குத் தெரியாது. 4 அடி நீளத் தொட்டியில் கடல்நீர் 2 அடி நின்றால், முன் கண்ணாடியை மட்டும் சுமார் 230 கிலோ வெளியே தள்ளும். 2½ அடி நின்றால் அது ஏறக்குறைய 360 கிலோ. கூட்டியது அரையடிதான், பளு ஒன்றரை மடங்காகிவிட்டது. அந்த அரையடியை அகலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடிக்கு அதனால் ஒரு கிராம் பளுகூட ஏறாது; பாறை அடுக்க இடம் கிடைக்கும், அடி வரைக்கும் கையும் எட்டும்.

10-க்கும் 12-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று ஏஜென்ட் கேட்பார். கனம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு கூடிவிடும். தொட்டி பெரும்பாலும் கண்ணாடி உடைந்து போவதில்லை. கண்ணாடி வளைந்து வளைந்து ஒட்டு விட்டுத்தான் போகிறது.

டஃபன்டு என்ற பேச்சில் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்த கண்ணாடி அடி தாங்கும், உண்மை. ஆனால் அதே கனமுள்ள சாதாரணக் கண்ணாடி எவ்வளவு வளையுமோ அதுவும் அவ்வளவு வளையும். ஒட்டுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. போதாததற்கு, சாதாரணக் கண்ணாடி கீறல் விட்டு ஒழுகும், உங்களுக்கு வாளி எடுக்கவாவது நேரம் கிடைக்கும். டஃபன்டு ஒரு நொடியில் மொத்தமாகப் பொடிந்து கொட்டும். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வீட்டில் நடுராத்திரியில் அப்படி ஆனதை மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். தொட்டி இருந்த இடத்தில் கற்கண்டு கொட்டியதுபோல் கிடந்தது. மீன் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இதற்கு ஒரே விதிவிலக்கு அடிக்கண்ணாடி. பாறை சரிந்து விழுந்தாலும் தாங்கட்டும் என்று அதை மட்டும் டஃபன்டு போடலாம். ஆனால் கவனம்: டஃபன்டு ஆன பிறகு அதில் ஓட்டை போட முடியாது, துளைக்கருவி தொட்டதும் பொடிந்துவிடும். ஆகவே வடிகுழாயை ஓட்டையில் பொருத்தும் இணைப்பான டேங்க் நிப்பிளை முதலில் வாங்குங்கள். அதை ஸ்கேல் வைத்து அளந்து, எங்கே எத்தனை ஓட்டை என்று தாளில் வரைந்து கொடுங்கள். ஓட்டையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் நடுவே குறைந்தது அந்த ஓட்டையின் விட்டமளவு இடைவெளி வேண்டும். பிறகு மனம் மாறி இன்னொரு குழாய் வேண்டும் என்றால் முழு அடிக்கண்ணாடியையும் மாற்ற வேண்டியதுதான். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் அடியும் சாதாரணக் கண்ணாடியாகவே இருக்கட்டும், ஓட்டையைப் பின் கண்ணாடியில் மேலே போடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இனி மேல் பட்டை. 12 எம்.எம். கண்ணாடியிலேயே 3 அங்குல அகலத்தில் நாலு பக்கமும் சுற்றிப் படுக்கையாக ஒட்ட வேண்டும். நீளப் பக்கத்துப் பட்டை ஒரே துண்டாக இருக்கட்டும். மீந்த துண்டுகளை ஒட்டுப்போட்டு வைத்தால் பயனில்லை. நடுவில் முன்னையும் பின்னையும் இழுத்துப் பிடிக்க அரையடி அகலத்தில் ஒரு குறுக்குப் பட்டை. அதன் இரு முனையும் நீளப் பட்டைகள்மேல் ஏறி உட்கார வேண்டும், விளிம்போடு விளிம்பு முட்டி நிற்கக்கூடாது. பார்வை கெடும் என்பதெல்லாம் கண்ணாடிச் செலவை மிச்சம் பிடிக்கச் சொல்லும் பேச்சு.

எங்கே செய்தாலும் கண்ணாடியை நீங்களே அளந்து பாருங்கள். வெர்னியர் காலிப்பரில் 12 என்பது 11.7 காட்டினால் பரவாயில்லை, 10 காட்டினால் திருப்பிவிடுங்கள். மூடிய கடைகளில் கழற்றிய பழைய கண்ணாடியையும் மெருகேற்றித் தள்ளிவிடுகிறார்கள். கீறல் இருந்தால் வேண்டாம். பில்லில் "கண்ணாடித் தொட்டி 1" என்று மட்டும் எழுதித் தருவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கனம், ஒட்டும் சிலிக்கான் பசையின் வகை, ஒட்டிய தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் எதைக் காட்டுவீர்கள்? லாரி புக்கிங்கிலோ உடைந்தால் அனுப்பியவர் பாடு என்று முத்திரை குத்திக் கையைக் கழுவிவிடுகிறார்கள். நாலடித் தொட்டியைச் சென்னையிலிருந்து வரவழைப்பதைவிட, கண்ணாடியை இங்கே வெட்டி உங்கள் வீட்டிலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

சிலிக்கான், பூஞ்சை வராது என்று விற்கும் குளியலறை வகையாக இருக்கக்கூடாது. பூஞ்சைக்காக அதில் சேர்க்கும் மருந்து மீனுக்கு ஆகாது. குழாயில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

அப்புறம், அதே ஏஜென்ட் தூத்துக்குடியிலிருந்து பவளமும் உயிர்ப் பாறையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) எடுத்துத் தருகிறேன் என்பார். வேண்டவே வேண்டாம். கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, அதுவும் உங்களுக்கு.

ஒட்டி முடித்துப் பத்து நாள் காயவிடுங்கள். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை நிரப்பி மூன்று நாள் வையுங்கள். கடல்நீர் அதைவிட நூற்றுக்கு இரண்டரை பங்குதான் கனம், அதனால் இந்தச் சோதனையே போதும். நாலு மூலையிலும் பழைய செய்தித்தாளை ஒற்றிப் பாருங்கள். ஒரு மூலையில் ஈரம் பட்டாலும், ஒட்டியவர் வந்து பிரித்து ஒட்டும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.