பேரனிடம் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மகனுக்கும் மருமகளுக்கும் ஈப்போவில் ஷிப்ட் வேலை. இரண்டு வயது மூன்று மாதப் பேரன் பகல் முழுக்க இவரிடம்தான். ஒரு நேரம் "பாட்டி, நாக் சுசு" (மலாயில் 'பால் வேண்டும்') என்கிறானாம், இன்னொரு நேரம் "டோக் ஓடிருச்சு" என்கிறானாம். "தாடிக்கா (பாலர் பள்ளி) நடத்தும் தெரிந்த பெண், மூன்று மொழி கேட்டுப் பிள்ளை குழம்பிவிட்டான், தமிழை விட்டுவிட்டு இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்கிறார். என் வீட்டுக்காரரோ, தமிழ் நம் ரத்தத்தில் ஊறியது, தானாக வரும் என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?"

அம்மா, இரண்டையும் கேட்க வேண்டாம். பேரனோடு தமிழிலேயே பேசுங்கள். இப்போது பேசுவதைவிட அதிகமாகப் பேசுங்கள்.

ஐயா சொன்னதில் பாதி உண்மை. பேசும் திறன் நம் உடம்போடு வருவதுதான். 1931இல் அமெரிக்காவில் கெல்லாக் என்ற தம்பதி, குவா என்னும் சிம்பன்சிக் குட்டியைத் தங்கள் கைக்குழந்தையோடு சேர்த்து வளர்த்தார்கள். உடுப்பு, சாப்பாடு, கொஞ்சல் எல்லாம் இருவருக்கும் ஒன்றுபோல. குவாவுக்குப் பல சொற்கள் புரிந்தன. ஆனால் ஒன்றைக்கூட அது பேசவில்லை. நாக்கையும் மூச்சையும் நொடிக்கு நொடி அடக்கி ஆளும் மூளை அதற்கு இல்லை.

மீதிப் பாதியில்தான் சிக்கல். பிறக்கும்போது குழந்தை கொண்டுவருவது எந்த மொழியையும் பிடித்துக்கொள்ளும் திறனை. தமிழை அது மனிதர்களிடமிருந்துதான் வாங்க வேண்டும். 16ஆம் நூற்றாண்டில் அக்பர், மனிதனின் இயல்பான மொழி எது என்று அறிய, பச்சிளம் குழந்தைகளைப் பேச்சே காதில் விழாத ஒரு வீட்டில் வளர்க்கச் செய்தார். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், எந்தப் பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நிகரகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவில் 1977இல் காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுவரை ஆளுக்கொரு வீட்டில், ஆளுக்கொரு சைகையோடு தனித்திருந்த பிள்ளைகள் அவர்கள். ஒன்றுகூடியதும் யாரும் சொல்லித் தராமல் தங்களுக்குள் ஒரு சைகை மொழியை உருவாக்கிக்கொண்டார்கள். பின்னால் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் அதை இன்னும் சீராக, இலக்கணத்தோடு வளர்த்தார்கள்.

இதைப் படித்தபோது எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகைதான் என் நினைவுக்கு வந்தது. அம்மாக்கள் இருட்டோடு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்விடுவார்கள். லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓர் ஆயாவிடம் இருப்போம். எனக்குப் பேச்சு வந்ததே பெரிய பிள்ளைகளின் சண்டையிலும் விளையாட்டிலும்தான். உங்கள் பேரனுக்கு அந்தக் கூட்டம் கிடையாது. அவனுக்கு இருப்பது நீங்கள்.

1984இல் கனடாவில் ஜேனட் வெர்க்கர் வெளியிட்ட ஆய்வு ஒன்று நமக்கு நெருக்கமானது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் 'ட', 'த' ஒலிகளை வேறு வேறாகக் கேட்டார்கள். ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலானவர்களிடம் அந்தத் திறன் மங்கிவிட்டது, வீட்டில் யாரும் அந்த ஒலிகளைப் பேசாததால். உங்கள் பேரன் 'பட்டு' என்பதையும் 'பத்து' என்பதையும் குழப்பாமல் கேட்கிறான் என்றால், அந்தக் காதைக் கொடுத்தது நீங்கள்தான்.

சரி, கலந்து பேசுவது? அது குழப்பம் இல்லை. கையில் கிடைத்த சொல்லை எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான். பெரியவர்களும் அதைத்தான் செய்தோம். நம் கடை மலாயில் 'கெடாய்' ஆனது, கப்பல் 'காப்பால்' ஆனது, கட்டில் 'காத்தில்' ஆனது. அவன் "டோக் ஓடிருச்சு" என்றால் திருத்தாதீர்கள். "ஆமா, நாய் ஓடிருச்சு. எங்க ஓடுச்சு?" என்று கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் நேரம் காத்திருங்கள். "சொல்லு, சொல்லு" என்று நச்சரித்தால் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். தோசை ஊற்றும்போதும் துணி காயப்போடும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.

போனில் தினமும் மூன்று மணி நேரம் பாட்டுப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குறைத்தாக வேண்டும். 2003இல் பட்ரிசியா கூல் குழுவினர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தார்கள். எதிரில் உட்கார்ந்து ஆள் பேசியபோது அதன் ஒலிகள் பிடிபட்டன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது.

தமிழில் இருபது சொற்கள்தான் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். சொற்களைத் தமிழில் மட்டும் எண்ணக்கூடாது. நீங்கள் அனுப்பிய பட்டியலில் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றையும் கூட்டினால் 58 வருகிறது. இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது சொற்களும், இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசுவதும் இருக்கிறதா என்றுதான் பிள்ளைகளின் பேச்சைக் கவனிக்கும் நாங்கள் பார்ப்போம். அவனிடம் இரண்டும் இருக்கின்றன. ஆனால் அடிக்கடி சளி பிடித்துக் காது வலிக்கிறது என்கிறீர்களே, அதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி, கெசிஹாத்தான் கிளினிக்கில் (அரசு சுகாதார நிலையத்தில்) சொல்லிக் காது கேட்கும் திறனைச் சோதிக்க எழுதி வாங்குங்கள். சொன்ன சொற்களை மறக்கத் தொடங்கினால் அன்றே போங்கள்.

அப்புறம், மழை வந்தால் 'ஜோ' என்கிறான், அதை எண்ணலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். எண்ணலாம். மாறாமல் மழைக்கு மட்டும் சொல்கிறான், உங்களுக்கும் புரிகிறது. அது சொல்தான். பட்டியலில் 59 என்று திருத்திக்கொள்ளுங்கள்.