நான்கு படுக்கையறை, ஒரே பாத்ரூம்: பழைய வீட்டை வாங்கி மாற்றிக்கொள்ளலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீடு பிடித்திருக்கிறது, நான்கு படுக்கையறை இருக்கிறது, ஆனால் பாத்ரூம் ஒன்றே ஒன்று, அதுவும் கடைசி மூலையில். "ஒரு அறையை பாத்ரூம் ஆக்கிக்கொள்ளுங்கள், சின்ன வேலைதான்" என்று தரகர் சொல்கிறார். நம்பலாமா, சுவரை இடிக்கலாமா?

எங்களிடமும் இதையேதான் சொன்னார்கள், அதே "சின்ன வேலை". நான் பொதுவாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுகிறவள். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் அப்படிப் போக முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் காலையில் ஒரே கதவு முன்னால் எல்லோரும் துண்டோடு நிற்கிறீர்கள், உள்ளே ஒருவர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் அப்பா.

நாங்கள் வாங்கியது இரண்டு தளமுள்ள பழைய வீட்டின் மேல்தளம். கீழே வேறு குடும்பம். பாத்ரூம் ஒரு கோடியில். அதை ஒட்டி 10 அடிக்கு 15 அடியில் நல்ல பெரிய அறை. அதற்கும் அப்பால் 7 அடிக்கு 6 அடியில் ஒரு பொந்து. அதைப் போய் நான்காவது படுக்கையறை என்று கணக்கில் காட்டியிருந்தார்கள். கட்டிலைப் போட்டால் கதவு திறக்காது. அளவெடுக்கும் டேப் இல்லாமல் வீடு பார்க்கப் போனது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சரி, அந்தப் பொந்தை பாத்ரூம் ஆக்கி, பக்கத்தில் இருக்கும் அப்பா அறையிலிருந்து ஒரு வாசல் விட்டால் ஆயிற்று என்று காகிதத்தில் அழகாகப் படம் போட்டோம். என் கணவர் கலர் பென்சிலெல்லாம் எடுத்தார்.

படத்தில் நாங்கள் போடாதது கழிவுக் குழாய். அது பழைய பாத்ரூமின் வெளிச்சுவரில் இறங்குகிறது. புது பாத்ரூமிலிருந்து அங்கே போக 16 அடி.

கம்மோடு பிரச்சினை இல்லை. சுவர்ப் பக்கமாக வெளியேறும் மாதிரி வாங்கினால் அதன் குழாய் தரைக்கு மேலேயே போய்விடும். குளித்த தண்ணீர்தான் சிக்கல், அது தரைக்கு அடியில்தான் போயாக வேண்டும். 40-க்கு 1 என்று வாட்டம் (40 அங்குல நீளத்துக்கு 1 அங்குலச் சரிவு) கொடுத்தால் 16 அடிக்கு 4.8 அங்குலம் இறக்கம். குழாய் 3 அங்குலம். அதற்கு மேல் ட்ராப்பின் (தரைத் தண்ணீர் இறங்குகிற, தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு) வாய், காரை, டைல்ஸ். புதிதாகக் கட்டுகிறவர்கள் பாத்ரூம் வருகிற இடத்தில் தளத்தையே பள்ளமாக விட்டுவிடுவார்கள், குழாயெல்லாம் அதற்குள் அடங்கிவிடும். படுக்கையறையாகக் கட்டிய இடத்தில் அந்தப் பள்ளம் எப்படி இருக்கும்? அதனால் கொத்தனார் தரையை உயர்த்தினார். 10 அங்குலம். சாதாரண மாடிப்படியே 6, 7 அங்குலம்தான்.

அந்தப் பக்கமே வெளிச்சுவரில் புதுக் குழாய் இறக்கியிருக்கலாமே என்று யாராவது கருத்துப் பகுதியில் எழுதுவீர்கள், தெரியும். அங்கே நேர் கீழே அடுத்த வீட்டாரின் வாசல். தளத்தைத் துளைத்துக் கீழே தொங்கவிடலாமே என்பீர்கள். தொங்கும், கீழ்வீட்டார் சமையலறைக் கூரையில். உங்கள் தலைக்கு மேல் அடுத்தவர் கழிவுக் குழாய் ஓடச் சம்மதிப்பீர்களா?

இப்படியாக அப்பாவுக்குத் தனி பாத்ரூம் கிடைத்தது. முழங்கால் வலிக்காரர். ராத்திரி இரண்டு முறை எழுந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மேலே வைத்து, மூச்சு வாங்கி, அடுத்த காலைத் தூக்குவார். நான்கே மாதத்தில் பழைய பாத்ரூமுக்கே திரும்பிப் போய்விட்டார், செய்தித்தாளோடு. "அது நல்லாத்தான் இருக்கு, குழந்தைங்க யூஸ் பண்ணட்டும்" என்றார். என் மனசு நோகக் கூடாது என்று சொன்னது அது.

குழந்தைகளும் போகவில்லை, நாற்றம். கம்மோடில் தண்ணீர் விட்டால் குளிக்கும் இடத்து ட்ராப் 'களக் களக்' என்று சத்தம் போடும். ட்ராப்பில் இரண்டு அங்குலம் தண்ணீர் எப்போதும் நின்றால்தான் சாக்கடைக் காற்று உள்ளே வராது. நீளமான குழாய்க்குக் காற்றுப் போக்கி (குழாய்க்குள் வெளிக்காற்று வந்துபோக மேலே ஏற்றிவிடும் குழாய்) வைக்காமல் விட்டால், ஒவ்வொரு முறை தண்ணீர் வேகமாகப் போகும்போதும் அது ட்ராப்பில் இருப்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எங்கள் பிளம்பர் காற்றுப் போக்கியே வைக்கவில்லை. கேட்டால் "பழகிடும்" என்றார். மூக்குக்குப் பழகிவிடும் என்ற அர்த்தத்தில் சொன்னாரா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் தண்ணீரைக் கட்டி 24 மணி நேரமாவது நிறுத்திப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அவசரம், அரை நாளில் எடுத்துவிட்டார்கள். மேடைக்குள் போட்ட உடைந்த செங்கலெல்லாம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விட்டது. அந்தச் செங்கல் நிரப்பின் எடை ஒரு டன்னைத் தாண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பொறியாளர் வந்து பார்த்து, சின்ன அறைதான், தளம் தாங்கும் என்றார். ஆனால் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டுமா இல்லையா என்று அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

அவர்தான் வழி சொன்னார். பாத்ரூமை அப்பாவிடம் கொண்டு போகாதீர்கள், அப்பாவை பாத்ரூமிடம் கொண்டு வாருங்கள் என்றார். பெரிய அறையை அப்பாவுக்குக் கொடுத்து, அதில் பழைய பாத்ரூமை ஒட்டிய முனையில் 5 அடியைத் தடுத்து, முதுகோடு முதுகாக இன்னொரு பாத்ரூம். பழைய பாத்ரூமில் பள்ளம் ஏற்கெனவே இருந்ததால் குழாய் சுவரைத் தாண்டியதும் இறங்கிவிட்டது. தரை உயர்வு 10 அங்குலத்திலிருந்து 4 ஆனது, அதையும் வாசலில் சாய்வாக்கிவிட்டார். இந்த முறை காற்றுப் போக்கி உண்டு, தண்ணீர் கட்டிப் பார்த்தது இரண்டு முழு நாள். கதவு வெளியே திறக்கும்படி வைக்கச் சொன்னார். உள்ளே யாராவது வழுக்கி விழுந்தால் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடுமாம். எனக்கு அது தோன்றியதே இல்லை. ஜன்னலை மிச்சமிருந்த 10-க்கு 10 படுக்கையறைக்கு விட்டோம். பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுச் சமாளிக்கலாம், படுக்கிற அறைக்கு அப்படி முடியாது.

சுவர் இடிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு முழுச் சுவர் எதையும் இடிக்க வேண்டி வரவில்லை. தட்டிப் பார்த்தோ, சுவரின் கனம் நாலரை அங்குலமா ஒன்பது அங்குலமா என்று பார்த்தோ நீங்களே முடிவு செய்யாதீர்கள். தூண் இல்லாத பழைய வீடுகளில் சுவர்தான் கூரையைச் சுமக்கிறது. ஆள் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. "படுக்கையறை எண்ணிக்கையைக் குறைத்தால் பின்னால் விற்கும்போது விலை போகாது" என்று உங்களுக்கும் ஒருவர் சொல்வார். எங்களுக்குச் சொன்னது அக்கா வீட்டுக்காரர். கட்டில் நுழையாத பொந்தைப் படுக்கையறை என்று சொல்லி எவரிடம் விற்பதாம்? அறிவுரை சொல்ல வந்த அன்றைக்கு எங்கள் டிரில் மெஷினையும் எடுத்துக்கொண்டு போனார். ஒரு அலமாரி மாட்ட வேண்டும், நாளைக்கே தருகிறேன் என்று. மூன்று வருஷம் ஆகிறது. கேட்டால் அக்காவுக்குக் கோபம் வருகிறது. நான் வாங்கிய மெஷின், அதற்கு நானே புது பிட் செட் வேறு வாங்கி வைத்திருந்தேன். சரி, விடுங்கள்.

எல்லாப் பழைய வீடும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. தரைத்தளமாக இருந்தால் தரையைத் தோண்டிக் குழாய் பதித்துவிடலாம், எங்கள் புலம்பலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அடுத்த முறை போகும்போது டேப்பும் டார்ச்சும் கொண்டு போங்கள். தரகர் ஹாலின் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் பின்னால் போய்க் குழாய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். அங்கிருந்து நீங்கள் நினைத்திருக்கும் அறைவரை அளந்து, அடியை அங்குலமாக்கி 40-ஆல் வகுத்துப் பாருங்கள். வருகிற எண்ணோடு குழாய்க்கும் டைல்ஸுக்குமாக ஐந்தாறு அங்குலம் சேர்த்தால், எவ்வளவு உயரம் ஏற வேண்டியிருக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தப் பொந்து என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கம்மோடைக் கழற்றி, ஓட்டைகளை அடைத்து, துணி அலமாரி வைத்தோம். மேடையை உடைக்கவில்லை, கீழ்வீட்டாரை இன்னொரு முறை இடிச்சத்தத்தில் உட்கார வைக்க எனக்குத் தைரியமில்லை. என் சின்னவள் திரைச்சீலை கட்டி அதை நாடக மேடை ஆக்கிவிட்டாள். போன வாரம் டிக்கெட் எழுதிக் கொடுத்தாள், அப்பா முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.