இதயத்தசை மரபணுவில் 25 எழுத்துகள் குறைந்தால் ஆபத்தா?

கேள்வி: எனக்கு வயது 44. என் அண்ணன் 38 வயதில் உறக்கத்திலேயே இறந்துவிட்டார், மாரடைப்பு என்றார்கள். அண்மையில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மரபணுப் பரிசோதனை செய்துகொண்டேன். 'எம்.ஒய்.பி.பி.சி.-3 மரபணுவில் 25 எழுத்து நீக்கம், ஒரு பிரதி' என்று அறிக்கை வந்திருக்கிறது. இது உள்ளவர்களுக்கு 45 வயதுக்கு மேல் இதயம் செயலிழந்துவிடும் என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என் 14 வயது மகன் பள்ளிக் கால்பந்து அணியில் இருக்கிறான். மகளைத் தம்பி மகனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும், டாக்டர்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கையில் இருக்கும் அறிக்கை உங்களுக்கு இதயநோய் இருப்பதாகச் சொல்லவில்லை, வரப்போகிறது என்றும் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் குடும்பத்தார் இதயப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். அதற்குக் காரணம் அந்த அறிக்கை அல்ல, 38 வயதில் நேர்ந்த உங்கள் அண்ணனின் மரணம். இந்த இரண்டையும் நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதயத்தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மயோசின் என்னும் தடித்த இழைகளும் ஆக்டின் என்னும் மெல்லிய இழைகளும் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கும்போது தசை சுருங்குகிறது, விடும்போது தளர்கிறது. இந்தப் பிடி எவ்வளவு வலுவாக, எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் கடிவாளம் போன்ற ஒரு புரதத்தைத்தான் நீங்கள் குறிப்பிடும் மரபணு உருவாக்குகிறது. அந்தப் புரதத்தின் வால் முனை மயோசின் இழையோடு உறுதியாகப் பிணைந்திருந்தால்தான் அது தன் வேலையைச் செய்ய முடியும். 11-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவின் 32-ஆம் இன்ட்ரானில் 25 எழுத்துகள், அதாவது ஏ, டி, ஜி, சி எனக் குறிக்கப்படும் டி.என்.ஏ. அலகுகள், விடுபட்டிருப்பதே உங்களிடம் காணப்படும் மாற்றம். தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என நமக்குள்ள இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் அது இருப்பதையே 'ஒரு பிரதி' என்கிறார்கள். இன்ட்ரான் என்பது புரதம் தயாராகும் முன் வெட்டி நீக்கப்படும் பகுதி. எனினும் எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்பதற்கான அடையாளங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. விடுபட்ட 25 எழுத்துகளில் அப்படியோர் அடையாளமும் அடங்கியிருப்பதால், அடுத்துள்ள 33-ஆம் எக்ஸான், அதாவது புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் பகுதி, தவிர்க்கப்பட்டு, புரதத்தின் வால் முனை மாறிப்போக இடம் உண்டு.

இந்த மாற்றத்தை உலகறியச் செய்த ஆய்வு 2009-இல் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் வெளிவந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பயின்ற பெருந்துறை தண்டபாணியும், ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜும் அதில் முன்னின்றார்கள். தெற்காசிய மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம், அதாவது ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவரிடம், இந்த நீக்கம் இருப்பதையும், இதயத்தசை நோயாளிகளிடம் அது மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு கூடுதலாக இணைந்து வருவதையும் அவர்கள் காட்டினார்கள். நம் மக்களின் மரபணுவை நம் மக்களிடமே தேடியதால் கிடைத்த அந்தக் கண்டுபிடிப்பின் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் நோயாளிகள் உள்ள குடும்பங்களில் காணப்பட்டது, தற்செயலாகப் பரிசோதனை செய்துகொண்ட ஒவ்வொருவருக்கும் பொருந்திவிடாது. நீங்கள் படித்த 45 வயதுக் கணக்கு அந்த வேறுபாட்டை மறந்து பரப்பப்படுவது.

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இதயத்தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி என்ற நோய், எல்லாக் காரணங்களையும் சேர்த்தாலும், சுமார் 500 பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. அதே 500 பேரில் ஏறக்குறைய 20 பேரிடம் இந்த 25 எழுத்து நீக்கம் இருக்கும். இந்த நீக்கம் மட்டுமே நோய்க்குப் போதுமானதாக இருந்தால் நம் ஊர்களில் இந்த நோய் எத்தனையோ மடங்கு பெருகியிருக்க வேண்டும்.

அப்படியானால் நோயாளிகளிடம் இது ஏன் அதிகமாகக் காணப்பட்டது? இங்குதான் பிந்தைய ஆய்வுகள் முக்கியமாகின்றன. 2018-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் சக்திவேல் சடையப்பனின் குழு, இந்த நீக்கம் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் கூடவே இருப்பதையும், அவர்களின் இதயம் இயல்பைவிட மிகையாகச் சுருங்குவதையும் கண்டது. 2020-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. நீக்கம் உள்ள அதே டி.என்.ஏ. இழையில், ஓர் எக்ஸானுக்கு 52 எழுத்துகள் முன்னதாக, ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ இருக்கும் ஓர் அரிய மாற்றம் சில குடும்பங்களில் சேர்ந்தே வழிவழியாக வருகிறது. அது ஒரு போலி ஒட்டுமுனையை உருவாக்கி, புரதம் பாதியிலேயே முடிந்துபோகச் செய்கிறது. நோயாளிகளிடம் 25 எழுத்து நீக்கம் மிகுந்து காணப்பட்டதற்கு இந்த மாற்றமே காரணம் என்று அவர்கள் நிறுவினார்கள்.

எனவே ஆய்வகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'சி.1224-52 ஜி-யிலிருந்து ஏ' என்ற இடத்தை அவர்களின் பரிசோதனை படித்ததா என்று எழுத்தில் கேளுங்கள். எக்ஸான்களையும் அவற்றை ஒட்டிய சில எழுத்துகளையும் மட்டுமே படிக்கும் பரிசோதனைகளில் இவ்வளவு உள்ளே இருக்கும் மாற்றம் தப்பிவிடும். உமிழ்நீர்ப் பரிசோதனைகள் பலவும் குறிப்பிட்ட சில இடங்களை மட்டுமே பார்ப்பவை.

அடுத்து, உங்கள் அண்ணன். உறக்கத்தில் இறந்த எல்லோருக்கும் மாரடைப்பு என்று எழுதிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவருக்கு இதயத்தசை தடித்திருந்ததா, இரத்தக்குழாய் அடைத்திருந்ததா, இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைந்ததா என்பது, உங்கள் குடும்பத்தாரிடம் எதைத் தேட வேண்டும் என்பதையே மாற்றிவிடும். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கையைத் தேடி எடுங்கள். இதயத்தின் எடை, இடது கீழறைச் சுவரின் தடிமன், இரத்தக்குழாய்களின் நிலை ஆகியவை அதில் இருக்கலாம். அவர் கடைசியாக எடுத்த இ.சி.ஜி. தாள் வீட்டில் கிடந்தாலும் அது பயன்படும். நம் மக்களுக்கு இரத்தக்குழாய் அடைப்பு இளவயதிலேயே வருவதால், கொலஸ்டிரால், சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை நீங்களும் உங்கள் தம்பியும் பார்த்துவிடுவது அவசியம்.

நீங்களும் தம்பியும், எல்லோருக்கும் முன்னதாக அண்ணனின் பிள்ளைகளும், ஓர் இதய மருத்துவரிடம் இ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்குச் சுவரின் தடிமன் 15 மில்லிமீட்டரை எட்டினால், வேறு காரணம் இல்லாதபோது, நோய் என்று கொள்கிறோம். நோயாளியின் நெருங்கிய உறவினரிடம் 13 மில்லிமீட்டரே கவனத்துக்குரியது. எக்கோவில் ஐயம் எழுந்தால் எம்.ஆர்.ஐ. உதவும்.

மகனுக்கும் இந்த இரு பரிசோதனைகளைச் செய்யுங்கள். முடிவு வரும் வரை சில நாள்கள் மட்டும் போட்டிகளை நிறுத்திவைக்கலாம். முடிவு இயல்பாக இருந்தால் மருத்துவரின் ஒப்புதலோடு அவன் தாராளமாக விளையாடட்டும். வளரும் பருவத்தில் தடிப்பு புதிதாகத் தோன்றக்கூடும் என்பதால், அண்ணனுக்கு இருந்தது இதயத்தசை நோய்தான் என்று தெரியவந்தாலோ, அது எதுவென்றே தெரியாமல் போனாலோ, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் பார்க்க வேண்டும். ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மாறான படபடப்பு என்றால் அதுவரை காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

ஒருவேளை யாருக்கேனும் தடிப்பு இருந்தாலும் இன்று வழிகள் உள்ளன. மயோசினின் மிகைப்பிடியைத் தளர்த்தும் மாவாகாம்டென் என்ற மருந்துக்கு, தடித்த தசை இரத்தம் வெளியேறும் வழியை அடைக்கும் வகை நோய்க்காக, அமெரிக்கா 2022-இல் ஒப்புதல் அளித்தது. திடீர் மரண ஆபத்து மிகுந்தவர்களுக்கு துடிப்பு தாறுமாறானால் மின்அதிர்வு கொடுத்துச் சீராக்கும், நெஞ்சில் பொருத்தும் ஐ.சி.டி. கருவி உண்டு. நோய் இல்லாதவருக்கு, அறிக்கையைக் காட்டி எந்த மாத்திரையும் தொடங்க வேண்டாம்.

மகளின் திருமணப் பேச்சைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்கிறேன். இந்த நீக்கம் உங்களிடமிருந்து மகளுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தம்பி வழியாக அவர் மகனிடமும் இருக்கலாம். இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரு பிரதிகளும் சேரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரு பிரதிகளும் உடையவர்களில் சிலருக்கு நோய் மிக இளவயதிலேயே கடுமையாக வந்த பதிவுகள் உண்டு. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்தக் கவலை இல்லை. ஆகவே நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கும் முன், உங்கள் மகளும் தம்பி மகனும் மரபணு ஆலோசகர் ஒருவரைச் சந்தித்து, அவர்களின் விருப்பத்தோடு, இந்த ஒரு மாற்றத்துக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது. முடிவைக் கேட்டபின் தீர்மானிக்கும் உரிமை அவர்கள் இருவருடையது.