கல்விச் சுதந்திரம்: கேள்வி பதில்

என் துறை உயர்கல்விச் சட்டமும் பல்கலைக்கழக வரலாறும். அதற்குள் வருகிற கேள்விகளுக்கு விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு ஒரு வரிதான். உங்கள் வழக்கு ஜெயிக்குமா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கல்லூரி மாணவர்: கல்விச் சுதந்திரம், கருத்துச் சுதந்திரம் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பூமி தட்டை என்று தெருவில் நின்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. அதையே புவியியல் பேராசிரியர் வகுப்பில் பாடமாக நடத்தினால் துறை அவரைக் கேள்வி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கருத்துச் சுதந்திரம் சரி தப்பு பார்க்காது. கல்விச் சுதந்திரம் பார்க்கும். ஆனால் பார்க்க வேண்டியவர்கள் அந்தத் துறையைப் படித்தவர்கள். அமைச்சரோ பணம் கொடுத்தவரோ அல்ல.

1900இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எட்வர்ட் ராஸ் என்ற பேராசிரியர் பொதுமேடைகளில் பேசியது, பல்கலைக்கழகத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜேன் ஸ்டான்போர்டுக்குப் பிடிக்கவில்லை. ராஸின் வேலை போனது. அவர் ஒன்றும் உத்தமர் இல்லை. ஜப்பானியக் குடியேறிகள் மேல் அவர் கக்கிய வெறுப்பைப் படித்தால் முகம் சுளிப்பீர்கள். ஆனாலும் ஒரு பேராசிரியரை ஒரு புரவலர் வீட்டுக்கு அனுப்பலாமா என்ற கேள்வி நின்றது. கண்டித்து ராஜினாமா செய்தவர்களில் தத்துவப் பேராசிரியர் ஆர்தர் லவ்ஜாயும் ஒருவர். 1915இல் அவரும் ஜான் டூயியும் மற்றவர்களும் சேர்ந்து அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு அது வெளியிட்ட பிரகடனத்தை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

பள்ளி ஆசிரியை: ஒரு கதையை நடத்த வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

எழுத்தில் கேளுங்கள். "இன்ன பாடத்தை விட்டுவிடச் சொன்னீர்கள், நான் புரிந்துகொண்டது சரியா?" என்று மரியாதையாக ஒரு கடிதம் போதும். கையெழுத்துப் போட வேண்டும் என்றதும் காணாமல் போகிற தடைகள் நிறைய. ஆனால் ஒன்று: பேராசிரியருக்கு உள்ள இடம் பள்ளி ஆசிரியருக்குப் பெரும்பாலும் கிடையாது. பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது. அப்புறம், கோபத்தில் ராஜினாமா எழுதிவிடாதீர்கள்.

நூலகர்: புத்தகத்தை வாங்காமல் விடுவதும் தணிக்கையா?

எல்லாப் புத்தகத்தையும் எந்த நூலகமும் வாங்க முடியாது. வாங்கி அலமாரியில் வைத்ததை எடுக்கும்போதுதான் காரணம் கேட்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி வாரியம் சில புத்தகங்களை நூலகத்திலிருந்து நீக்கிய வழக்கில், 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தீர்ப்பு, அதிலுள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நீக்கக் கூடாது என்றது. நீதிபதிகள் பல பக்கம் பிரிந்த தீர்ப்பு அது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள். புகார் செய்தவர் புத்தகத்தைப் படித்தாரா, எந்தக் குழு முடிவெடுத்தது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெற்றோர் ஒருவர்: மாணவர்களுக்கு என்ன உரிமை?

வகுப்பு நடப்பதைக் கெடுக்காதவரை உண்டு. வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் பக்கம் 1969இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நின்றது. தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் மத நம்பிக்கையால் பாடாத மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது.

வேறொருவர்: கருத்துச் சுதந்திரமும் இதுவும் ஒன்றுதானே?

முதல் பதில்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்: துறைக்காரர்கள் முடிவு செய்யட்டும் என்கிறீர்கள். அவர்களே தணிக்கை செய்தால்? கண்டங்கள் நகர்கின்றன என்ற வேகனரைப் புவியியலாளர்கள் எள்ளி நகையாடவில்லையா?

நகையாடினார்கள். ஆல்ஃபிரட் வேகனர் 1912இல் சொன்னதைப் பெரும்பாலோர் ஏற்க 1960கள் ஆயின. ஆனால் அவர் வாயை யாரும் மூடவில்லை. 1915இல் புத்தகம் வந்தது, 1929வரை திருத்திய பதிப்புகள் வந்தன. கண்டங்களை எது நகர்த்துகிறது என்ற கேள்விக்கு அவரிடம் ஏற்கத்தக்க பதில் இல்லை. எதிர்ப்பில் அந்த அளவுக்கு நியாயமும் இருந்தது. கடலடி ஆய்வுகள் வந்த பிறகு நிலைமை மாறியது. ஏற்காமல் இருப்பது வேறு, பேசவிடாமல் செய்வது வேறு.

அதே ஆசிரியர்: வேலை, நிதி, ஆய்விதழ் எல்லாம் பெரும்பான்மை கையில் இருக்கும்போது, சிறையில் போடாமலே ஒருவரை முடித்துவிடலாமே ஐயா?

முடிக்கலாம், நடக்கிறது. துறைக்குள்ளும் கோஷ்டி உண்டு, குருபக்தி உண்டு. அதனால்தான் பணி நிரந்தரம் தேவை, ஒன்றுக்கொன்று கட்டுப்படாத பல பல்கலைக்கழகங்களும் பல இதழ்களும் தேவை. ஜெர்மனியில் கிடைக்காத முழுப் பேராசிரியர் பதவி வேகனருக்கு 1924இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் கிடைத்தது. எல்லா இடமும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருந்திருந்தால்?

ஆய்வு மாணவி (இடையில்): ஸ்டாலின் ஆதரவோடு மரபியலை மறுத்த சோவியத் நாட்டு லைசென்கோவும் வேளாண் விஞ்ஞானிதானே! அவரும் "துறைக்காரர்"தானே?

நல்ல அடி. அவருக்கு எதிராக வாதாட வந்த துறைக்காரர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். பயிர்களின் மரபு வளத்தை உலகெங்கும் தேடிச் சேகரித்த நிக்கொலாய் வவிலோவ் 1940இல் கைதானார், 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948 ஆகஸ்டில் லைசென்கோ மாஸ்கோவில் ஆற்றிய உரையை ஸ்டாலினே திருத்திக் கொடுத்தார். அதன் பிறகு சோவியத் நாட்டில் மரபியலைப் பாடமாக நடத்த முடியவில்லை. வாதத்தில் வென்றவர் அல்ல லைசென்கோ. வாதத்தை அரசு மூடியதால் மிஞ்சியவர். வேகனர் தவறென்று நம்பியவர்களால் அவர் புத்தகத்தைப் பாடப்பட்டியலிலிருந்து தூக்க முடிந்திருக்கலாம். அவரைத் தூக்க முடியவில்லை.

அதே ஆசிரியர்: ஆக, உள்ளே நடக்கும் அநியாயம் சின்னது என்கிறீர்கள்.

சின்னது என்று சொல்லவில்லை. அதைத் திருத்தத் துறைக்குள்ளேயே வழி இருக்கிறது என்கிறேன். அமைச்சரிடம் ஓடினால் அந்த வழியும் போய்விடும். இத்துடன் இதை நிறுத்திக்கொள்வோம், பலர் காத்திருக்கிறார்கள்.

நிர்வாகி: பல்கலைக்கழகமே அரசியல் நிலைப்பாடு எடுக்கலாமா?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் 1967 கால்வன் அறிக்கையைப் படியுங்கள். விமர்சிப்பது ஆசிரியர், மாணவர் வேலை. நிறுவனம் கட்சி கட்டினால் மாற்றுக் கருத்துள்ள பேராசிரியர் தன் வீட்டிலேயே அந்நியராவார் என்பது அதன் வாதம். கல்விச் சுதந்திரத்தையே யாராவது தாக்கினால் மட்டும் நிறுவனம் பேசலாம். எனக்கு இதில் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் மௌனத்தைக்கூட எந்த விஷயத்தில் என்று பொறுக்கியெடுக்கிற நிர்வாகங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இன்னொருவர்: நீதிமன்றம் காப்பாற்றாதா?

காப்பாற்றும், தாமதமாக. ஹங்கேரியின் 2017 சட்டத்தால் மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் 2019இல் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்குப் போனது. அந்தச் சட்டம் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானது என்ற தீர்ப்பு 2020இல் வந்தது.

இன்னொருவர்: இரண்டும் ஒன்றுதானே, ஏன் குழப்புகிறீர்கள்?

மூன்றாவது தடவை. மேலே போங்கள்.

முனைவர் பட்ட மாணவர்: ஒரு அத்தியாயத்தை எடுக்கச் சொல்கிறார் என் நெறியாளர். இது தணிக்கைதானே?

என்ன காரணம் சொன்னார்? "தரவு போதாது" என்றால் அது அவர் வேலை. கூடுதல் தரவு தேடுங்கள். "மேலிடத்துக்குப் பிடிக்காது" என்றால் தணிக்கை. இரண்டையும் கலந்து சொல்வார்கள், அதுதான் சிக்கல். அந்த அத்தியாயத்தின் குறைகளை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் திருத்துங்கள். எழுத மறுத்தால், ஆய்வுக் குழுவின் இன்னொரு உறுப்பினரிடம் அத்தியாயத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.