பிரீமியர் புரோ காணொளித் தொகுப்பு மென்பொருளில் பல ஒலித்தடங்களை ஒரே குழுவாக்குவது எப்படி?

மொரீஷியசில் எடுத்த தைப்பூசக் காவடிக் காணொளியில் நாதஸ்வரம், தவில், 'அரோகரா' முழக்கம் மூன்றும் தனித்தனித் தடங்களில் இருக்க, அவற்றின் ஒலியளவை ஒருசேரக் கூட்டிக் குறைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளிப்புகளைத் தேர்ந்து 'குரூப்' கொடுத்தால் அவை சேர்ந்து நகருமே தவிர, ஒலியளவுக் கட்டுப்பாடு ஒன்றாகிவிடாது. பலரும் தடுமாறுவது இங்கேதான். இதற்குரிய வழி, பல தடங்களின் ஒலியை ஒன்றாகச் சேர்த்து அனுப்பும் 'சப்மிக்ஸ்' தடம். ஸ்டீரியோ சப்மிக்ஸ் ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, 'ஆடியோ டிராக் மிக்சர்' பலகத்தில் அம்மூன்று தடங்களின் அடியிலும் 'மிக்ஸ்' என்றிருக்கும் வெளியீட்டை 'சப்மிக்ஸ் 1' என்று மாற்றிவிட்டால், மூன்றின் ஒலியும் அதன் வழியாகவே செல்லும்; பிறகு சப்மிக்சின் ஃபேடரை (ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடியை) மட்டும் இழுத்தால் போதும். தவில் மட்டும் உரத்துக் கேட்டால் அதன் சொந்தத் தடத்திலேயே குறைத்துக்கொள்ளலாம்.

வர்ணனைக் குரலின் தடம் மட்டும் இந்தச் சப்மிக்சுக்கு வெளியே இருக்கட்டும். அது பேசும்போது மேளத்தைத் தணிக்கத்தானே இவ்வளவும். டாவின்சி ரிசால்வ் என்னும் இன்னொரு தொகுப்பு மென்பொருளில் இதே வேலையை 'பஸ்' (bus) எனப்படும் தடம் செய்கிறது.