குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கும்போது பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், "பிள்ளை ராத்திரி பயந்து அலறும்" என்று வீட்டில் யாரோ தடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. எங்கள் அத்தையும் அப்படித்தான்.

நாங்கள் சிங்கப்பூர். பள்ளி விடுமுறையில் சாங்கி கடற்கரைப் பூங்காவில் கூடாரம் போடுவோம். மணலில் நெருப்பு மூட்டக்கூடாது, பார்பிக்யூ அடுப்புதான். கோழி இறக்கை சுட்டு முடித்து, கரி சாம்பல் பூத்துக் கிடக்கும்போது அப்பா ஆரம்பிப்பார். பெரும்பாலும் பொந்தியானாக் என்கிற பெண்பேயின் கதை. மலாய்க்காரர்கள் சொல்வது: வாழைமரத்தில் இருக்கும், வந்தால் கெம்போஜாப் பூ (ஈழத்தலரி) வாசம் அடிக்கும், அழுகை சத்தமாகக் கேட்டால் அது தூரத்தில், மெல்லக் கேட்டால் பக்கத்தில். அப்பா குரலைத் தணித்துக்கொண்டே போவார். கடைசியில் உதடு மட்டும் அசையும். அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ இறங்கும். பிள்ளைகள் கத்திக்கொண்டு அம்மா மடியில் போய் விழுவார்கள், உடனே "தாத்தா, இன்னொரு கதை" என்பார்கள். பயந்து காய்ச்சலில் படுத்த பிள்ளை எங்கள் வீட்டில் இல்லை.

ஆனால் சாங்கியில் இன்னொரு வகைக் கதையும் உண்டு, போரில் செத்தவர்கள் ஆவியாக அலைகிறார்கள் என்று. அதை மட்டும் நான் சொல்ல விடுவதில்லை. 1942 பிப்ரவரி 20 அன்று அந்தக் கரையில்தான் ஜப்பானியர்கள் 66 சீன ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். நினைவுக்கல் அங்கேயே இருக்கிறது. போன வருஷம் உறவினர் ஒருவர் அவர்களை வைத்துக் கதை கட்ட, பாதியில் நிறுத்தச் சொன்னேன். "விளையாட்டுக்குத்தானே, இதுக்குப் போயா?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். எங்கள் பாட்டியின் அண்ணனும் அதே போரில், மலாயாத் தோட்டத்திலிருந்து ஜப்பானியர்களின் சயாம் (தாய்லாந்து) ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பவேயில்லை. அவரைப் பேயாக்கி யாராவது சிரித்திருந்தால் பாட்டி தாங்கியிருப்பாரா? 'ரொம்ப உணர்ச்சிவசப்படுகிறீர்கள்' என்று பின்னூட்டம் போடுகிறவர்கள் போடட்டும். சுடப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். பக்கத்து அடுப்புக்காரர்கள் நள்ளிரவு வரை ஸ்பீக்கரை அலறவிட்டு, போகும்போது கங்கு அணையாத கரியை மணலில் கொட்டிவிட்டுப் போனார்கள். இருட்டில் என் தங்கை மகன் அதை மிதித்து, உள்ளங்காலெல்லாம் கொப்புளம். பேய்க்குப் பயப்படாத பிள்ளை, இப்போது மணலில் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்கிறான். தயவுசெய்து கரியை அடுப்பிலேயே ஆறவிட்டுப் போங்கள்.